இறந்த மாட்டின் இதயத்தையும் இதய உறையையும் பரிசோதிக்கும் முறை

பட்டியில் மாடு திடீரென்று செத்துக் கிடந்தால் இலங்கையின் வன்னிப் பகுதியில் முதலில் எழும் பேச்சு பாம்புக்கடி. அதற்கடுத்தது, யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் கம்பி குத்திச் சீழ் கட்டிய இதயம், கால் வாய் நோய் அரித்த கன்றின் இதயத் தசை, அலரி இலை தின்ற மறியாடு எல்லாமே வெளியில் நின்று பார்ப்பவருக்கு அதே திடீர்ச் சாவாகத்தான் தெரியும். நெஞ்சைத் திறந்தால்தான் ஒன்றையொன்று பிரிக்கலாம். புதிதாகக் களத்துக்கு வரும் மிருக வைத்தியர்களையும், அவர்களோடு கத்தி பிடிக்கும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சறையில் கத்தி போன இடத்தை மறுபடி பழைய நிலையில் பார்க்க முடியாது. எதை எந்த ஒழுங்கில் வெட்டுவது என்பதே இங்கே பாதி வேலை.

திறக்கலாமா?

மூக்கு, வாய், மலவாய் வழியாக உறையாத கறுப்பு இரத்தம் வடிந்திருக்கிறதா, செத்த வேகத்துக்கு மிஞ்சி உடல் ஊதியிருக்கிறதா, விறைப்பு சரியாக ஏறவில்லையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உடலைத் திறக்கக் கூடாது. மனிதருக்கும் தொற்றிக் கொல்லும் அந்திராக்ஸ் நோய் இல்லையென்று தெரியும்வரை கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும். காது நாளத்தில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் மெல்லியதாக இழுத்துக் காயவிடுங்கள். பொலிக்குரோம் மெதிலீன் நீலத்தில் சாயமிட்டால் அந்திராக்ஸ் கோலுயிர்கள் முனை வெட்டினாற்போல் நீல நிறத்திலும், சுற்றியுள்ள உறை இளஞ்சிவப்பாகவும் தெரியும். உடலைத் திறந்தால் காற்றுப்பட்ட பக்ரீரியா, மண்ணில் நெடுங்காலம் சாகாமல் கிடக்கும் வித்தியாக மாறிவிடும். அந்த நிலம் பல ஆண்டுகளுக்குப் பாழ்.

அடுத்த கேள்வி நேரம். பங்குனிக்குப் பிறகு வன்னி வெயிலில் கிடந்த மாடு ஆறு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே அழுகத் தொடங்கிவிடும். பெருவயிற்றின் (முதல் இரைப்பை) புளிப்புச் சூடு அதை இன்னும் விரைவாக்கும். இரவில் செத்த மாட்டை விடியவே திறந்துவிடுங்கள். நிழலுக்கு இழுத்து வைத்ததால் நேரம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

கத்தியைத் தீட்டிக்கொண்டே பட்டிக்காரரிடம் சில விடயங்களைக் கேட்டு வையுங்கள். அண்மையில் வீடு கட்டினார்களா, வேலி அடைத்தார்களா? மாடு மேட்டில் ஏற, இறங்கத் தயங்கியதா? முன் முழங்கையை விலாவிலிருந்து அகட்டி நின்றதா? முன்நெஞ்சில் நீர் கோத்துத் தொங்கியதா? பட்டியில் வேறு மாடுகளுக்கு வாயில் நுரை, காலில் நொண்டல் இருந்ததா? இந்தப் பதில்கள், நெஞ்சில் எதைத் தேடுவது என்று முன்கூட்டியே சொல்லித் தரும்.

கையில் இருக்க வேண்டியவை

பதினைந்து சென்ரிமீற்றர் அலகுள்ள கூர்க்கத்தி இரண்டு, தீட்டுக்கோல், முனை மழுங்கிய நீளமான கத்தரிக்கோல், கோடரி அல்லது கைவாள். கன்றுக்கும் ஆட்டுக்கும் கொப்பு வெட்டும் கத்தரியே விலாவுக்குப் போதும். ஐம்பது மில்லிலீற்றர் ஊசிக்குழாய், கிருமி நீக்கிய சிறு போத்தல்கள், வாய் அகன்ற போர்மலின் போத்தல், அளவுகோல், பெரிய காந்தம். காந்தம் கிடைக்காவிட்டால் பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது நன்றாக வேலை செய்யும். கையுறை இரண்டு சோடி, ஒன்றின்மேல் ஒன்றாக. கம்பி இருக்கும் மாட்டுக்குள் கை விடப்போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய இறப்பர் உறை மட்டும் போட்டுத் துழாவினால் துரு ஏறிய முனை விரலைக் கிழிக்கும்.

நெஞ்சறைக்குள் போவது

மாட்டையும் ஆட்டையும் இடப்பக்கம் கிடத்துங்கள். பெருவயிறு அடியில் கிடக்கும். வேலைக்கு இடைஞ்சல் தராது. வலது முன்காலைத் தூக்கி, கக்கத்துத் தசைகளை வெட்டி முதுகுப் பக்கம் மடித்துவிடுங்கள். பின்காலையும் இடுப்பு மூட்டில் வெட்டி மடியுங்கள். கடைசி விலாவின் பின்னால் வயிற்றுச் சுவரைத் திறந்து, உறுப்புகள் இருக்கும் நிலையைக் கை படாமல் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலாவை வெட்ட முன்னர் பிரிமென்றகட்டில் (நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் தகடு) கத்தி நுனியால் சிறு துளை இடுங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, தகடு தொய்ந்தால் நெஞ்சறையில் அமுக்கம் இயல்பாக இருந்தது என்று பொருள். ஓசை இல்லாவிட்டால் உள்ளே நீரோ சீழோ காற்றோ ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். உடல் அழுகியிருந்தாலும் ஓசை வராது. ஆகவே இதைத் தனிச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

பிறகு பிரிமென்றகட்டை விலாவோரமாக வெட்டுங்கள். நெஞ்செலும்பின் அருகே உள்ள, தேன்கூட்டு இரைப்பையை (இரண்டாம் இரைப்பை) தொடும் கீழ்ப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். காரணம் கீழே வருகிறது. விலாக்களைக் கீழே குருத்தெலும்புச் சந்திலும் மேலே முதுகெலும்புக்கு அருகிலும் வெட்டி முழுத்தட்டாகத் தூக்கி எடுங்கள். கோடரியை ஓங்கிப் போடாதீர்கள். எலும்புச் சிராய் இதய உறையைக் கிழித்தால், உள்ளே இருந்த நீரும் நெஞ்சறை நீரும் கலந்துவிடும்.

உறையைத் திறக்காமல் பார்க்க வேண்டியவை

இயல்பான இதய உறை மெல்லியதாக, மினுக்கமாக, உள்ளே இதயம் மங்கலாகத் தெரியும்படி இருக்கும். அது தடித்திருக்கிறதா, ஊதித் தளும்புகிறதா, நுரையீரலோடோ நெஞ்செலும்போடோ ஒட்டியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள்.

நீரை எடுக்க வேண்டுமானால் இப்போதுதான் எடுக்க வேண்டும். கத்தி அலகைச் சூடாக்கி உறையின் ஓரிடத்தைச் சுட்டு, அந்த இடத்தில் ஊசியைச் செலுத்தி பத்து மில்லிலீற்றர் இழுத்து வையுங்கள். பிறகு கத்தரிக்கோலால் சிறு வெட்டு இட்டு, மீதியை அளந்து எடுங்கள். பெரிய மாட்டில் சில மேசைக்கரண்டி அளவு தெளிந்த, இளமஞ்சள் நீர் இருப்பது இயல்பு. அளவு, நிறம், மணம், காற்றுப் பட்டதும் உறைகிறதா என்ற நான்கையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தெளிந்த நீர் மிகையாக இருந்தால் அது பெரும்பாலும் இதயத்தின் நோயல்ல. வேறெங்கோ உள்ள நோயின் எதிரொலி. ஆட்டில் தாடைக்கீழ் வீக்கமும் வெளிறிய கண்ணும் இருந்தால் நான்காம் இரைப்பையைத் திறந்து இரத்தம் உறிஞ்சும் புழுவைத் தேடுங்கள். இரத்தப் புரதம் குறைந்தால் நீர் குழிகளில் தங்கும். நீர் சற்று மஞ்சளாகி, வெளியே எடுத்ததும் ஜெலிபோல் உறைந்தால், இரத்தக் குழாய்ச் சுவர் கசிந்திருக்கிறது. கிருமி நஞ்சை நினையுங்கள். உறை முழுக்க உறைந்த இரத்தம் இருந்தால் இதயச் சுவரோ பெருங்குழாயோ கிழிந்திருக்கிறது. இந்த வகைச் சாவில் இரத்தத்தின் அளவைவிட அது சேர்ந்த வேகம்தான் கொல்லும். விரிய நேரம் கிடைக்காத உறை இதயத்தை இறுக்கிவிடும்.

கம்பி குத்திய இதயம்

மாடு நாக்கால் சுழற்றி அள்ளி, சரியாக மெல்லாமல் விழுங்கும். வைக்கோலோடு போன கட்டுக்கம்பித் துண்டோ, ஆணியோ, ரயர் எரித்த சாம்பலில் கிடந்த மெல்லிய உருக்குக் கம்பியோ தேன்கூட்டு இரைப்பையில் விழுந்து தங்கும். அந்தப் பை சுருங்கும்போதெல்லாம் கம்பி முன்னோக்கித் தள்ளப்படும். முன்னே பிரிமென்றகடு, அதற்கும் அப்பால் சில சென்ரிமீற்றரில் இதய உறை. சினை முற்றிய மாட்டில் கருப்பையின் அழுத்தமும், ஈனும்போது முக்கலும் சேர்ந்து இதை விரைவாக்கும். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்பதால் இது அரிது.

மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய வீடுகளைச் சுற்றியும், முள்ளுக்கம்பி வேலி ஓரமாகவும், அறுவடை முடிந்த வயலிலும் மேயும் மாட்டில் இதை முதலில் நினைப்பது நியாயம். காலபோகத்துக்குக் காட்டுக்குள் போன பட்டியைவிட ஊருக்குள் வளரும் பசு இதற்கு அதிகம் ஆளாகும்.

திறக்கும்போது காண்பது: உறை விரலளவு தடித்திருக்கும். உள்ளே சாம்பல் கலந்த மஞ்சள் நீர், தயிர்த் திரளை போன்ற பைபிரின் (இரத்தத்தை உறைய வைக்கும் நார்ப்புரதம்) கட்டிகள், குமட்டும் நாற்றம், சில வேளை வாயுக் குமிழ். பெரிய பசுவில் சில லீற்றர்வரை வரும். உறையை இதயத்திலிருந்து மெல்ல உரித்தால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாகப் பிரியும். நாட்பட்டதில் நீர் வற்றி, நார்த் திசு உறையையும் இதயத்தையும் ஒன்றாக்கியிருக்கும். கத்தி போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். நாற்றம் பட்டதும் இதயத்தையும் நுரையீரலையும் அவசரமாக அறுத்து வெளியே எறிந்துவிடுகிறார்கள். கம்பி வந்த வழி அதோடு அறுந்துவிடும். பிறகு ‘சீழ் கட்டிய இதயம், காரணம் தெரியாது’ என்றுதான் எழுத வேண்டிவரும். ஆகவே பிரிமென்றகட்டின் கீழ்ப் பகுதியையும் தேன்கூட்டு இரைப்பையையும் இதய உறையையும் ஒரே துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் இடைவெளியைத் தடவினால் தடித்த, கயிறு போன்ற நார்த்தடம் ஒன்று தட்டுப்படும். அதை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கறுப்பு அல்லது துரு நிறப் படலம், சீழ், அதிர்ஷ்டம் இருந்தால் கம்பி.

கம்பி கிடைக்காவிட்டால் தேன்கூட்டு இரைப்பையைத் திறந்து உள்ளடக்கத்தை ஒரு தட்டில் கொட்டி, காந்தத்தை இழுத்துப் பாருங்கள். குத்திய கம்பி பின்வாங்கி மறுபடி பைக்குள் விழுவதுண்டு. மெல்லிய கம்பி துருவேறிக் கரைந்தும் போகும். செம்புக் கம்பியைக் காந்தம் பிடிக்காது என்பதால் கண்ணாலும் தேடுங்கள். தடம் இருந்தால் கம்பி இல்லாமலேயே நோயைத் தீர்மானிக்கலாம். பைக்குள் ஆணி இருந்து தடம் இல்லாவிட்டால் அந்த ஆணி இந்தச் சாவுக்குக் காரணமல்ல. பல ஆரோக்கியமான மாடுகளின் பையிலும் இரும்பு கிடக்கும்.

தொண்டை அடைப்பான் என்ற பக்ரீரியா நோயிலும் நுரையீரல் அழற்சியிலும் உறையில் பைபிரின் படியும். அங்கே படலம் மெல்லியது, புதியது, நாற்றமற்றது, நுரையீரலும் நெஞ்சறைச் சவ்வும் சேர்ந்தே கெட்டிருக்கும், தடம் இருக்காது. தொண்டை அடைப்பானானால் கழுத்துத் தோலை உரிக்கும்போதே ஜெலி போன்ற மஞ்சள் நீர் கோத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். தொடைத் தசையை வாயுவோடு வீங்க வைக்கும் சப்பை நோயில் இதயத் தசையும் உறையும் கெடுவதுண்டு. தொடையில் எதுவும் இல்லாத கன்றிலும் இதை மறக்க வேண்டாம். தசை கருஞ்சிவப்பாக, உலர்ந்து, வாயுவோடு, கெட்ட வெண்ணெய் மணத்தோடு இருக்கும்.

இதயத்தை வெளியே எடுத்து வெட்டுவது

நாக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் ஒரே கோவையாக இழுத்து எடுங்கள். பிறந்து சில நாளான கன்றென்றால் பெருங்குழாய்களை வெட்ட முன்னர் தொகுதிப் பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையிலான இணைப்புக் குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் இதயத்தின் மேற்பள்ளத்திலுள்ள கொழுப்பு. வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மாடு நல்ல உடலில் திடீரென்று செத்திருக்கிறது. பழுப்பு நிறத்தில் நீர்விட்ட கூழ் போல இருந்தால் உடல் தன் கடைசிக் கொழுப்பையும் தின்றுவிட்டது. ஆடி, ஆவணி வறட்சியில் செத்த கிழப் பசுவில் இதைத் தவறாமல் பாருங்கள். நஞ்சு வைத்தார்கள் என்ற சண்டையை இந்த ஒரு பார்வையே தணித்துவிடும்.

இதய நுனியை இடது இதயவறை மட்டுமே ஆக்குகிறது. தடித்து இறுகியது இடது. மெல்லிய, தொய்ந்த சுவர் வலது. வெட்டும்போது இரத்தம் ஓடும் வழியிலேயே போங்கள்.

வலது பக்கம்: பெருநாளத் துளை வழியே வலது சோணையறையைத் திறந்து, முக்கூர் வால்வை மேலிருந்து பாருங்கள். பிறகு இடைச்சுவரை ஒட்டியே வலது இதயவறைச் சுவரை வெட்டிச் சுற்றிவந்து, நுரையீரல் நாடி வழியாக வெளியேறுங்கள்.

இடது பக்கம்: இடது சோணையறையிலிருந்து நுனிவரை வெளிச்சுவரை ஒரே வெட்டில் பிளந்து புத்தகமாக விரியுங்கள். இடைச்சுவரை ஒட்டிய இருகூர் வால்வு மடலின் அடியில் கத்தரியை நுழைத்து மேலே வெட்டினால் பெருநாடி திறக்கும். அதன் அடியில் கத்தி எலும்பில் உரசினால் பதற வேண்டாம். மாட்டின் இதயத்தில் அங்கே எலும்பு இருப்பது இயல்பு.

இரத்தக் கட்டியைப் பார்க்கும்வரை கழுவக் கூடாது. செத்தபின் உறைந்த இரத்தம் பளபளப்பாக, வழுவழுப்பாக, இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். உயிரோடிருக்கும்போது கட்டியது மங்கலாக, நொறுங்கும் தன்மையோடு, சுவரில் ஒட்டியிருக்கும். பிய்த்தால் கீழே சொரசொரப்பான புண் தெரியும். விறைப்பு ஏறிய இடது இதயவறை வெறுமையாக இருக்க வேண்டும். அதில் இரத்தம் தேங்கியிருந்தால் விறைப்பு இன்னும் வரவில்லை, அல்லது வந்து போய்விட்டது, அல்லது தசை சுருங்க முடியாதபடி கெட்டிருந்தது.

சுவரின் தடிப்பை நடுப்பகுதியில், தசைத் தூண்களை விட்டு அளவிடுங்கள். வளர்ந்த மாட்டில் இடதுக்கு வலது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பிறந்த கன்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதை நோயென்று எழுதிவிடாதீர்கள். கடைசியாகத் தசையைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் குறுக்காகத் துண்டு போட்டு ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள்.

வால்வில் பூக்கோவாபோல் மஞ்சளும் சிவப்புமாக, தொட்டால் உதிரும் வளர்ச்சி இருந்தால் வால்வு அழற்சி. மாட்டில் இது அதிகம் வருவது முக்கூர் வால்வில். சீழ் எங்கிருந்து வந்தது என்று ஈரல், குளம்பு, மடி, தேன்கூட்டு இரைப்பையில் தேடுங்கள். உதிர்ந்த துண்டுகள் எங்கே போயின என்று நுரையீரலில் தேடுங்கள். இருகூர் வால்வு கெட்டிருந்தால் சிறுநீரகத்தில் வெளிறிய ஆப்பு வடிவத் திட்டுகள் இருக்கும். கன்றின் வால்வு ஓரத்தில் காணும் கருஞ்சிவப்பு இரத்தக் கொப்புளங்கள் தீங்கற்றவை.

தசையில் வரி

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்று பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்ததென்றால் தசையைக் கூடுதலாகக் கவனியுங்கள். வெளிறிய மஞ்சள் அல்லது சாம்பல் வரிகள், திட்டுகள் இருந்தால் கால் வாய் நோய் முதலில் நினைவுக்கு வர வேண்டும். கன்றின் வாயும் குளம்பும் சுத்தமாக இருப்பது இதை மறுக்காது. புண் வர முன்னரே இதயம் நின்றுவிடும். தாயின் வாயையும் முலைக்காம்பையும் பாருங்கள். இது 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டிய விடயம். சந்தேகம் வந்த அன்றே பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லி, பட்டியை வெளியே விடாமல் நிறுத்துங்கள்.

உயிர்ச்சத்து ஈ, செலனியம் குறைவிலும் வெளிறிய திட்டுகள் வரும். அவை சுண்ணாம்பு படிந்தாற்போல் வெள்ளையாக, வெட்டினால் நறநறவென்று இருக்கும். தொடை, தோள் தசைகளிலும் காணலாம். கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாத சமயங்கள் உண்டு. அப்போது இரண்டு சோதனைக்கும் மாதிரி எடுங்கள்.

அலரி, மஞ்சள் அலரி, எருக்கலை மூன்றும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ளவை. பூவும் காயும் அல்ல, கத்தரித்து வேலியோரம் போட்ட வாடிய கிளைதான் மாட்டையும் ஆட்டையும் பெரும்பாலும் கொல்லும். இதயத்தின் உட்சவ்வில் இரத்தக் கசிவு, தசையில் வெளிறல் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். விடை பெருவயிற்றில் இருக்கிறது. இரண்டு கை உள்ளடக்கத்தைத் தண்ணீரில் அலசி, அலரியானால் நடுநரம்பிலிருந்து நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும் பக்க நரம்புள்ள தடித்த இலைத்துண்டைத் தேடுங்கள்.

ஏமாற்றும் மாற்றங்கள்

அழுகலில் இரத்தச் சிவப்பு கசிந்து இதய உட்சவ்வும் பெருநாடியும் ஒரே சீராகச் சிவந்துவிடும். வெட்டினால் நிறம் மேலோடு நிற்கும். உண்மையான இரத்தக் கசிவு புள்ளி புள்ளியாக, எல்லையோடு, தசைக்குள்ளும் இறங்கியிருக்கும். அந்தப் புள்ளிகளும் கூட எப்போதும் நோயைச் சொல்வதில்லை. உயிர் போராடிப் போன எந்த மாட்டிலும் இடது இதயவறையின் உட்புறத்திலும் மேற்பள்ளத்திலும் சில புள்ளிகள் வரும். இதயத்தில் புள்ளி கண்டதை மட்டும் வைத்துத் தொண்டை அடைப்பான் என்று எழுதும் அறிக்கைகளை நாங்கள் நம்புவதில்லை.

வெயிலில் கிடந்த தசை வெளிறி, வேக வைத்ததுபோல் தோன்றும். அது எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருக்கும்; நோய் வரிவரியாக, திட்டாக இருக்கும்.

கோழியில் இதய உறை வெள்ளையாக இருந்தால் விரலால் சுரண்டுங்கள். படலமாக உரிந்தால் ஈ. கோலை போன்ற கிருமித் தொற்று. மாவாக உதிர்ந்தால் யூரிக் உப்பு. சிறுநீரகத்தையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் பாருங்கள்.

மாதிரியும் புதைப்பும்

போர்மலின் கரைசலுக்கு: கடையில் வாங்கும் போர்மலின் 100 மில்லிலீற்றர், தண்ணீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொஸ்பேற் 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற் 6.5 கிராம். இடது இதயவறையின் தசைத் தூண், இடைச்சுவர், வலது சுவர், ஒரு சோணையறை என நான்கு இடத்தில் வெட்டுங்கள். வெளிச்சுவர்த் துண்டுகளில் உட்சவ்வும் வெளிச்சவ்வும் சேர்ந்திருக்கட்டும். தடிப்பு ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டினால் நடுப்பகுதி அழுகிவிடும். திசுவைப் போலப் பத்து மடங்கு கரைசல் வேண்டும். வாய் ஒடுங்கிய போத்தலில் போட்டால் இறுகியபின் வெளியே வராது. பெயர்ச்சீட்டை பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

கால் வாய் நோய்ச் சந்தேகத்துக்கு போர்மலின் உதவாது. கன்றின் இதயத் தசைத் துண்டைக் கிளிசரோலும் பொஸ்பேற் தாங்கற் கரைசலும் சம அளவில் கலந்த, பிஎச் 7.2 முதல் 7.6 வரையான கரைசலில் இட்டு, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். கிருமி வளர்ப்புக்கான நீரையும் சீழையும் குளிரில் வையுங்கள். உறைய விட வேண்டாம். பேராதனை கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போக வேண்டிய பொதி வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏறினால் ஞாயிறுவரை எங்கோ வெயிலில் கிடக்கும். திங்கள் காலை அனுப்புங்கள். அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

தானாகச் செத்த மாட்டின் இறைச்சி எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்கோ நாய்க்கோ போகக் கூடாது. குழி இரண்டு மீற்றர் ஆழம், கிணற்றுக்கும் குளத்து நீர் ஏறும் எல்லைக்கும் எட்ட, மேலே சுண்ணாம்பு. ஆழம் குறைந்தால் காட்டுப்பன்றியும் நரியும் கிளறும். கண்ணிவெடி அகற்றியதென்று உறுதியான நிலத்தில் மட்டுமே மண்வெட்டியை வையுங்கள். பட்டிக்காரர் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்றாலும் கிராம அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கம்பி கிடைத்திருந்தால் கழுவிப் பட்டிக்காரரின் கையில் கொடுத்து, அது எந்த வேலிக் கம்பி என்று அவரையே கேளுங்கள். மிச்சத் துண்டுகள் எங்கே சிதறிக் கிடக்கின்றன என்று அவருக்குத்தான் தெரியும்.